ஏசிக்கு நான் தைத்த தகரச் சட்டை

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதையும் முடித்தேன் என்று சொல்ல முடியாது, அந்த வருட மாரியோடு நின்றுவிட்டேன். ஆனால் கண்டாவளைப் பக்கத்தில் தண்ணீர் இறைக்கிற இயந்திரம் ஒன்று உயிரை விட்டால் இன்றைக்கும் என்னுடைய வளவுக்குத்தான் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். மரத்தடியில் சாக்கு விரித்துத் தொடங்கியவன் நான். இப்போது பட்டறை இருக்கிறது, சீமெந்து வீடு இருக்கிறது. வீட்டு வயர் வேலை முழுவதும் என் கையால் செய்தது. மின் இணைப்புக் கொடுக்க வந்தவர் சுவிட்ச் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, யார் செய்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். பிறகு அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

இப்படிப்பட்டவனுடைய வீட்டில் ஒரு ஏசி நின்று நின்று ஓடியது. அதைத்தான் எழுத வந்தேன்.

ஏசி வாங்கியது சொகுசுக்கு இல்லை. என் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்வதில்லை. வன்னியில் அது புதினமான வருத்தம் அல்ல, வவுனியாப் பக்கம் வீட்டுக்கு வீடு கேள்விப்படலாம். அவளுக்கு வயிற்றில் ஒரு மெல்லிய குழாய் வைத்திருக்கிறார்கள். பையில் வருகிற மருந்துத் தண்ணீரை அதன் வழியே வயிற்றுக்குள் விட்டு, சில மணித்தியாலம் வைத்திருந்து, பிறகு அதை வெளியே எடுத்துவிட்டுப் புதியதை விடவேண்டும். ஒரு நாளில் பல தடவை. பழகிவிட்டால் யாருடைய உதவியும் வேண்டாம், அவளே செய்துகொள்வாள். ஆனால் அதற்கென்று தனி அறை வேண்டும். சன்னல் பூட்டியிருக்கவேண்டும், விசிறி சுற்றக்கூடாது, முகட்டிலிருந்து ஒரு தும்பு விழக்கூடாது. குழாய்க்குள் தூசி போனால் வயிற்றுக்குள் கிருமி போனது மாதிரி. அறையைப் பார்த்துவிட்டுத்தான் ஆசுப்பத்திரியில் சம்மதிப்பார்கள். பார்க்க வந்த தாதி என் அறையில் ஒரு குறை சொல்லவில்லை. நிலத்துக்கு மாபிள் பதித்தவனும் நான், முகடு அடைத்தவனும் நான்.

எங்கள் வெயிலுக்கு இப்படி அடைத்த அறை பாண் சுடுகிற போறணை மாதிரி. நெற்றியால் வடிகிற வியர்வை அவள் முகத்தில் கட்டியிருக்கிற துணியை நனைத்துவிடும். அதனால்தான் ஏசி. குழாயைப் பூட்டும்போதும் கழற்றும்போதும் அதையும் நிறுத்தவேண்டும் என்று தாதி சொல்லியிருந்தாள். ஆகவே முன்னதாகவே அறையைக் குளிரவைத்து, நிறுத்தி, பூட்டி, திரும்பப் போடுவது அவளுடைய முறை. காலைப் பைக்கும் இரவுப் பைக்கும் பிரச்சினை இல்லை. மத்தியானப் பைக்குத்தான் ஏசி இல்லாமல் ஒன்றும் ஆகாது. சொல்லிவைத்த மாதிரி மத்தியானத்தில்தான் பிரேக்கர் விழத் தொடங்கியது.

பிரேக்கர் என்றால் தெரியும்தானே. கம்பியில் தாங்க முடியாத அளவு மின்சாரம் இழுபட்டால் தானாக விழுந்து துண்டித்துவிடுகிற சுவிட்ச். முதல் நாள் விழுந்ததும் தள்ளிவிட்டேன், ஓடியது. கொஞ்ச நேரத்தில் திரும்ப விழுந்தது. அடுத்த நாளும் அப்படியே. நான் பட்டறையில் இருந்தால் எனக்குத் தெரியவராது. அவள் அறைக்குள் குழாயோடு இருப்பாள், எழுந்து வர முடியாது. அப்படி ஒரு நாள், சரியாகிவிட்டது என்று நான் சொன்னதற்கு அடுத்த நாள், வெக்கை தாங்காமல் சன்னலில் ஒரு கதவைத் திறந்துவிட்டிருக்கிறாள். எனக்குச் சொல்லவில்லை. இரண்டொரு நாளில் வயிற்றிலிருந்து வந்த தண்ணீர் கலங்கலாக வந்தது. ஆசுப்பத்திரியில் கிடந்துதான் எழும்பினாள். இன்னொரு முறை இப்படி வந்தால் குழாயையே எடுக்கவேண்டி வரும் என்று சொல்லித்தான் வீட்டுக்கு விட்டார்கள்.

வவுனியா நகரத்தில் இருக்கிற மகள் அன்றே முடிவெடுத்துவிட்டாள். அவள் வீட்டில் ஒரு அறையைத் துப்புரவாக்கி வைத்திருக்கிறாள், ஏசி புதியது, ஆசுப்பத்திரி கிட்ட. வருகிற ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகப்போகிறேன் என்றாள். அதில் பிழை சொல்ல எனக்கு இடம் இல்லை. ஆனால் மனைவி அன்றைக்கு இரவு சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்.

"அங்கை போனால் என்னைக் கதிரையிலை இருத்தி வைச்சிருப்பினம். குசினிக்குள்ளை ஒரு கரண்டி தூக்க விடாயினம். நான் நோயாளி எண்டு எனக்கே தெரியாமல்தான் இஞ்சை இருக்கிறன்."

சண்டைக் காலத்தில் எத்தனையோ தடவை இடம்பெயர்ந்திருக்கிறோம். எல்லா இடத்துக்கும் ஒன்றாகத்தான் போனோம். பட்டறையை விட்டுவிட்டு நான் வவுனியாவில் போய் என்ன செய்வது? ஆகவே ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் அந்த ஏசி விழாமல் ஓடவேண்டும். விசயம் அவ்வளவுதான்.

நான் வேலையைத் தொடங்கினால் முறையாகத் தொடங்குவேன். முதலில் பிரேக்கரைச் சந்தேகித்தேன். பிரேக்கரும் பழசாகும், களைத்துப்போய் சும்மா விழும். புதியது போட்டேன். மத்தியானம் அதுவும் விழுந்தது. வயர் பூட்டுகிற ஆணிகள் இளகியிருந்தால் சூடேறும், எல்லாவற்றையும் இறுக்கினேன். ஏசிக்குப் போகிற வயர் தனி லைன், அதை நான் இழுக்கும்போதே தடித்த வயராகத்தான் இழுத்தேன். அதில் பிழை இருக்க வழியில்லை, இருக்கவும் இல்லை. பிறகு அயலில் எல்லாரும் மத்தியானத்தில் மோட்டர் போட்டு இறைப்பதால் மின்சாரம் குறைந்து வருகிறதோ என்று மீற்றர் பிடித்துப் பார்த்தேன். சரியாகத்தான் வந்தது.

சாமான் கடைக்காரர், அவர் முல்லைத்தீவால் வந்து எங்கள் சந்தியில் கடை போட்ட முஸ்லிம் நானா, பெரிய பிரேக்கர் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். இது யானை வந்தாலும் விழாது, கொண்டுபோய்ப் பூட்டுங்கள் என்றார். வாங்கிக்கொண்டு வந்தேன்தான். வீட்டில் சுவிட்ச் பெட்டிக்கு முன்னால் நின்று யோசித்தேன். மின்சாரத் தடை இருந்த காலத்தில் மண்ணெண்ணெய் இயந்திரத்தில் விளக்கு எரித்த ஆள் நான். பியூஸ் கம்பியை இரண்டாக முறுக்கிப் போட்டு ஒரு கொட்டில் எரிந்ததையும் பார்த்திருக்கிறேன். விழுகிற சுவிட்ச் கத்துகிற நாய் மாதிரி. நாயின் வாயைக் கட்டினால் கள்ளன் போய்விடுவானா? பெரிய பிரேக்கரை மேசை லாச்சிக்குள் போட்டேன். இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்குச் சொன்னாலும் பிழை இல்லை.

அதற்குப் பிறகுதான் ஏசி திருத்துகிற தம்பியைக் கிளிநொச்சியிலிருந்து கூப்பிட்டேன். என் வீட்டு வேலைக்கு வெளி ஆளைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பட்டறையில் வேலை செய்கிறவர்களுக்கு அது பெரிய புதினம்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும். ஏசியில் ஒரு பாதி அறைக்குள் சுவரில் இருக்கும், மற்றப் பாதி வெளியில் பெட்டியாக இருக்கும். அறையின் சூட்டை வெளியே கொண்டுவந்து கக்குவது அந்த வெளிப்பெட்டி. அதை வீட்டின் பின்பக்கம், அவளுடைய அறைச் சுவருக்கு வெளியே பூட்டியிருந்தேன். பூட்டிய மாதமே குரங்குக் கூட்டம் வந்து அதன் மேல் இருந்து கூத்தாடியது. செப்புக் குழாய்க்குச் சுற்றிய கறுப்புப் பஞ்சை உரித்துத் தின்று பார்த்துத் துப்பியது. எங்கள் பக்கத்துக் குரங்குக்கு இரும்பும் மாங்காயும் ஒன்று. அதனால் பெட்டிக்கு அளவெடுத்து ஒரு தகரச் சட்டை செய்தேன். ஆணிகூட வெளியே தெரியாது, மழைக்கு மேல்பக்கம் தறப்பாள். பார்த்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள், எங்கே வாங்கினீர்கள் என்று.

மூடி வைப்பது எங்களுக்குப் பழக்கம். பழக்கம் என்று சொன்னால் போதாது, மூடி வைத்ததால்தான் எங்களிடம் ஏதாவது மிஞ்சியது. கடைசியாக வீட்டை விட்டுப் போகும்போது என்னுடைய முதல் இயந்திரத்துக்குக் கிறீஸ் பூசி, தறப்பாளால் சுற்றி, பீப்பாவுக்குள் இறக்கி, கிணற்றடியில் தாட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்து கிண்டி எடுத்துக் கயிற்றை இழுத்தேன், இரண்டாம் இழுப்புக்கு வேலை செய்தது. ஊரில் அதைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். அதற்குப் பிறகு நான் எந்த இயந்திரத்தையும் திறந்து வைத்ததில்லை. எங்கள் வீட்டு மெத்தை இன்னும் கடைப் பொலித்தீனோடுதான் கிடக்கிறது. அப்பா நேரம் கிடைத்தால் ஆட்களையும் தறப்பாளால் மூடுவார் என்று மகள் சொல்லுவாள்.

சரி, திருத்துகிற தம்பி வருகிற அன்று காலையில் நான் என்ன செய்தேன்? ஆள் வந்து வேலை செய்ய வசதியாக இருக்கவேண்டும் என்று தகரச் சட்டையைக் கழற்றிக் கிணற்றடியில் சாத்தினேன். பெட்டியைத் துடைத்தேன், சுற்றிவரக் கூட்டினேன். யார் வந்தாலும் அப்படித்தான் செய்வோம். வைத்தியரிடம் போகிறவன் சட்டையைக் கழற்றித்தானே காட்டுகிறான்.

தம்பி நல்ல பிள்ளை. காஸ் பார்த்தான், வளையம் மாதிரி ஒரு மீற்றரை வயரில் மாட்டி மின்சாரம் எவ்வளவு இழுபடுகிறது என்று பார்த்தான். எல்லாம் அளவாக இருந்தது. மத்தியானம் வரை நின்றான், பிரேக்கர் விழவில்லை. ஒன்றும் பிழை இல்லை, ஓடவிடுங்கள் என்று போய்விட்டான். நான் தகரச் சட்டையைத் திரும்பப் போட்டு ஆணி இறுக்கினேன். அடுத்த நாள் மத்தியானம் விழுந்தது.

திரும்பக் கூப்பிட்டேன். நான் திரும்பச் சட்டையைக் கழற்றினேன். இந்த முறை வேண்டுமென்றே உச்சி வெயிலில் வரச்சொன்னேன். எங்கள் வீட்டில் சாப்பிட்டான், வெளிப்பெட்டிக்குப் பக்கத்தில் மர வாங்கு போட்டு இருந்தான். மனைவி தன் மத்தியானப் பையை முடித்துக்கொண்டு வெளியே வந்து, தம்பிக்கு ரசம் காணுமா என்று கேட்டாள். ஏசி சந்தோசமாக ஓடியது.

தம்பி என்னை ஒரு மாதிரிப் பார்த்தான்.

"ஐயா, இது நான் வந்தால் மட்டும் விழுகுதில்லை. நான் இஞ்சையே குடியிருக்கட்டோ?"

"இரும் தம்பி, அறை ஒண்டு கிடக்கு" என்றேன். சிரித்தேன்தான், உள்ளே எனக்கு எரிந்தது. அவன் போகும்போது, கொம்பிரசருக்கு வயது போயிருக்கலாம், அது சாகப்போகிற இயந்திரம் போல, புதிய ஏசிக்கு யோசியுங்கள் என்று சொன்னான். சாகப்போகிற இயந்திரம் எது என்று எனக்குத் தெரியாதா? தொட்டுப் பார்த்தாலே சொல்லிவிடுவேன். அது சாகப்போகிற இயந்திரம் இல்லை.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. மத்தியானம் திரும்ப விழுந்தது. நான் பட்டறையை விட்டு ஓடிவந்து சுவிட்சைத் தள்ளினேன். மனைவி அறைக்குள் இருந்தாள். கதவுக்கு வெளியே நின்று, விழுந்துபோச்சோ என்று கேட்டேன். அவள் பையை முடித்து, கதவைத் திறந்து, முகத்துணியைக் கழற்றிவிட்டு வந்து இருந்தாள். முகம் முழுக்க வியர்வை.

"இஞ்சருங்கோ. நான் ஒண்டு கேக்கட்டே?"

"கேளும்."

"அந்தத் தம்பி வந்து நிக்கேக்கை ஏசிச் சத்தம் வேறை. சுவருக்கு அங்காலை சும்மா காத்து மாதிரிக் கேக்கும். மற்ற நாளிலை அது முக்குது. வயித்துக்குள்ளை தண்ணி கூட விட்டால் எனக்கு மூச்சு முட்டுமே, அப்பிடி. அவர் வரேக்கை நீங்கள் அதுக்கு என்ன செய்யிறனீங்கள்?"

"நான் ஒண்டும் செய்யிறேல்லை. துடைக்கிறன், கூட்டுறன்."

"துடைச்சால் சத்தம் மாறுமே?"

அவள் ஒவ்வொரு பைக்கும் அந்தச் சுவருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறாள் என்பதை நான் அதுவரை யோசிக்கவில்லை. பட்டறையில் நான் சத்தத்தை வைத்துத்தான் பிழை பிடிப்பேன். இந்த இயந்திரத்தின் சத்தத்தை அவள்தான் கேட்டுக்கொண்டிருந்தாள், நான் இல்லை.

எழுந்து பின்பக்கம் போனேன். தகரச் சட்டையில் கை வைத்தேன். வைத்த கையை எடுத்துக்கொண்டேன், அவ்வளவு சூடு. வெயில் சூடு ஒரு பக்கம்தான் இருக்கும், இது நான்கு பக்கமும் இருந்தது. நான் காற்றுப்போக்கு வைக்காமல் செய்யவில்லை, முன்பக்கமும் பக்கவாட்டிலும் அழகாகத் துளை போட்டுத்தான் இருந்தேன். அந்தத் துளைகளால் காற்று வருகிறதா என்று பார்க்க, சாமித் தட்டில் இருந்து ஒரு ஊதுபத்தி எடுத்துக் கொளுத்திக்கொண்டு வந்து முன்பக்கத் துளைக்குக் கிட்டப் பிடித்தேன். காற்றாடி வெளியே ஊதுகிறபடியால் புகை என் பக்கம் வரவேண்டும். கொஞ்சம் வந்தது. மிச்சம் தகரத்தில் முட்டி, வளைந்து, பக்கத்துத் துளையால் திரும்ப உள்ளே போனது.

அவ்வளவுதான், விளங்கிவிட்டது. பெட்டி கக்குகிற சூட்டைப் பெட்டியே திரும்பக் குடிக்கிறது. உழவு மெசினின் ரேடியேற்றருக்கு முன்னால் சாக்குக் கட்டிவிட்டு உழுதால் என்ன ஆகும்? காலையிலும் இரவிலும் வெளியே குளிர், சமாளிக்கும். மத்தியானத்தில் மூச்சு முட்டி, கொம்பிரசர் இரண்டு மடங்கு முக்கி, மின்சாரத்தை இழுத்து, பிரேக்கர் விழுகிறது. பிரேக்கரில் பிழை இல்லை. வயரில் பிழை இல்லை. நான் முதலே சொன்னேன் வயரில் பிழை இல்லை என்று.

தகரச் சட்டையை மிக நன்றாகச் செய்துவிட்டேன். அதுதான் பிழை. கொஞ்சம் கவனமில்லாத ஒருவன் செய்திருந்தால் இடைவெளி விட்டிருப்பான், ஏசி ஓடியிருக்கும்.

அவளிடம் வந்து சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. தம்பிக்குச் சொல்லிவிடுங்கள், பாவம், தன் வேலையில் சந்தேகப்பட்டுக்கொண்டு இருக்கப்போகிறான் என்றாள். தொலைபேசி எடுத்துச் சொன்னேன். காற்றுப்போக்கில் ஒரு தடை இருந்தது, நான் கண்டுபிடித்துவிட்டேன் என்றேன். என்ன தடை ஐயா, நான் பார்க்கும்போது ஒன்றும் இருக்கவில்லையே என்றான். நீர் பார்க்கும்போது இருக்கவில்லைத்தான் என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன்.

சட்டையைக் கழற்றினால் குரங்குக்கு என்ன செய்வது? சனிக்கிழமை பட்டறையில் வேறு வேலை எடுக்கவில்லை. கம்பி வெட்டி, பெட்டியிலிருந்து நன்றாகத் தள்ளி நிற்கிற மாதிரி வெல்டிங்கில் ஒரு கூடு ஒட்டினேன். குரங்குக் கை உள்ளே எட்டாது, காற்றுக்கு எந்தத் தடையும் இல்லை. தறப்பாளை மட்டும் மேலே போடுவோமா என்று கையில் எடுத்தேன். குசினிச் சன்னலால் மனைவி பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்ப மடித்து வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மகள் சின்ன லொறி ஒன்றோடு வந்தாள். லொறி எதற்கென்றால், மருந்துத் தண்ணீர்ப் பைகள் பெட்டி பெட்டியாக வரும், ஒரு அறையின் அரைவாசியை அடைத்துக்கொண்டு இருக்கும், காரில் ஏற்ற முடியாது. ஏசி சரியாகிவிட்டது என்று நான் சொன்னதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"அப்பா, இந்த ஏசி எத்தினை தரம் சரியாப் போச்சு? சரியாப் போச்சு எண்டு நீங்கள் சொன்ன அடுத்த நாளிலைதானே அம்மா சன்னலைத் திறந்தவா."

அது உண்மை. லொறிக்காரரும் நானுமாகப் பெட்டிகளை ஏற்றினோம். வெயில் படக்கூடாத மருந்து என்பதால் மேலே தறப்பாள் போட்டு நான்கு மூலையும் நானே கட்டினேன். மனைவியின் உடுப்புப் பெட்டியும் வாசலுக்கு வந்துவிட்டது. மத்தியானப் பைக்கு ஒன்றை மட்டும் அறைக்குள் வைத்துக்கொண்டாள். அதை முடித்துக்கொண்டு புறப்படுவது என்று மகளின் கணக்கு.

"எனக்கு ஒரு சத்தமும் போடவேண்டாம்" என்று சொல்லிவிட்டு மனைவி கதவைப் பூட்டினாள். ஏசி அதற்கு முன்னரே ஓடிக்கொண்டிருந்தது.

மகள் ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் சுவிட்ச் பெட்டிக்கு நேரே போட்டு இருந்தாள். வெளியே அன்றைக்கு நல்ல வெயில், முற்றத்து மணலில் கால் வைக்க முடியாது. நான் பின்பக்கம் போய்ப் பார்க்கலாம் என்று எழும்பினேன். பிறகு இருந்துவிட்டேன். அறைக்குள் ஏசி நிற்கிற சத்தம் கேட்டது. அவள் குழாயைப் பூட்டுவதற்கு நிறுத்தியிருக்கிறாள். அந்த நேரம் மிக நீளமாக இருந்தது. திரும்பப் போட்டாள். நின்று தொடங்குகிற நேரத்தில்தான் கொம்பிரசர் கூட இழுக்கும், மற்ற நாட்களில் அதோடுதான் விழும். மகள் கதிரையில் முன்னுக்கு வந்தாள்.

விழவில்லை.

குரங்குகள் வந்தன. ஒன்று கம்பிக் கூட்டின் மேல் ஏறி உள்ளே கையை விட்டுப் பார்த்தது, எட்டவில்லை, சூடான காற்று முகத்தில் அடித்ததும் குதித்து ஓடியது. அதைக்கூட மகள் திரும்பிப் பார்க்கவில்லை. சுவிட்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்தது. மனைவி வெளியே எடுத்த பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வழக்கம்போல வெளிச்சத்துக்குப் பிடித்துக் காட்டினாள். தண்ணீர் தெளிவாக இருந்தது, பின்பக்கம் பிடித்த அவளுடைய விரல்கள் தெரிந்தன. நெற்றி காய்ந்திருந்தது. மகள் எழும்பிப் போய் அம்மாவின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். பிறகு கழுத்திலும் வைத்துப் பார்த்தாள்.

"மீன் பொரிக்கக் கிடக்கு, ஆர் பொரிக்கிறது?" என்று கேட்டுக்கொண்டு மனைவி வெளியே வந்த தண்ணீரின் அளவு பார்க்கப் பையைத் தராசில் கொழுவினாள்.

மகள் வாசலுக்குப் போய் உடுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அப்பா, லொறியிலை இருக்கிற பெட்டியளை இறக்குங்கோ."

நான் போய் தறப்பாளின் முடிச்சுகளை அவிழ்த்தேன். நான் கட்டிய முடிச்சு, லேசில் அவிழாது.